எதிராளியும் சேர்ந்து காத்த ஞாபகம்

2019 ஆகஸ்ட் மாதம் ஒரு நாள், பொழுது விடிய வெகு நேரம் இருக்கும்போதே கொல்கத்தா விமான நிலைய வாசலில் கூட்டம் நெருக்கியடித்தது. சிவப்பும் மஞ்சளுமாகச் சட்டைகள், கொடிகள், தொண்டை கிழியும் கோஷம். ஈரானிலிருந்து வந்து இறங்கவிருந்தவர் மஜித் பிஷ்கார். அறுபதைத் தாண்டிய அந்தப் பழைய ஆட்டக்காரரை ஈஸ்ட் பெங்கால் கிளப் தன் நூற்றாண்டு விழாவுக்கு அழைத்திருந்தது. அந்த அணிக்கு அவர் ஆடியது இரண்டே சீசன், 1980-களின் தொடக்கத்தில். அன்று வாசலில் நின்ற இளைஞர்களில் பலர் அப்போது பிறந்திருக்கவே இல்லை. அப்பாவும் மாமாவும் சொல்லிச் சொல்லி மனத்துக்குள் ஓடவிட்ட ஆட்டம் ஒன்றுக்காகத் தூக்கத்தைத் துறந்து வந்திருந்தார்கள்.

மஜித் 1978 உலகக் கோப்பைக்குப் போன ஈரான் அணியில் இருந்தவர். படிக்கவென்று அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கு வந்து, அங்கிருந்து ஜம்ஷித் நசீரி என்ற இன்னொரு ஈரானியரோடு கொல்கத்தா போய்ச் சேர்ந்தார். 1980-இல் ஈஸ்ட் பெங்கால் நிலைகுலைந்து கிடந்தது. பேர்பெற்ற ஆட்டக்காரர்கள் ஒரே மூச்சில் வேறு கிளப்புகளுக்குப் போய்விட்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் 12-ஆம் எண் சட்டை போட்டுக்கொண்டு மஜித் களமிறங்கினார். அதே ஆண்டு செப்டம்பரில் ஈரான்–இராக் போர் மூண்டது. அவருடைய ஊரான கோரம்ஷஹர் போர்க்களமாயிற்று. வீடிருக்கும் ஊரில் குண்டு விழ, இவர் இங்கே மழைச்சேற்றில் பந்தைக் காலில் ஒட்டவைத்துக்கொண்டு நாலு பேரைத் தாண்டிக்கொண்டிருந்தார். பிறகு முகமதன் ஸ்போர்ட்டிங்குக்கு மாறினார். ஆட்டம் தளர்ந்தது, வாழ்க்கையும் தடம் புரண்டது, ஒரு கட்டத்தில் சத்தமில்லாமல் நாடு திரும்பினார். கொல்கத்தாவோ அவரைப் பாத்ஷா என்று அழைப்பதை நிறுத்தவேயில்லை.

கோப்பைக் கணக்கில் அந்தச் சீசன் அப்படியொன்றும் பெரிதல்ல. 1980 பெடரேஷன் கோப்பையும்கூடப் பரம எதிரியான மோகன் பகானோடு பகிர்ந்துகொண்டதுதான். இதே கிளப் 1970 முதல் 1975 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கல்கத்தா லீக் பட்டத்தை வென்றிருக்கிறது. அவ்வளவு வெற்றிகளைக் கண்ட ரசிகர்கள், பகிர்ந்துகொண்ட கோப்பையோடு முடிந்த ஆண்டில் ஆடியவருக்குப் பாத்ஷா பட்டம் கொடுத்திருக்கிறார்கள். எல்லோரும் விட்டுப்போன நேரத்தில் யார் வந்து நின்றார் என்பதைத்தான் ரசிகரின் மனம் குறித்துவைத்துக்கொள்கிறது.

பழைய சீசன்களை நினைத்து ஏங்கும் ரசிகர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். கொல்கத்தாவில் அந்த ஏக்கத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஒரு கிளப்பின் பொற்காலத்தை அந்தக் கிளப்பின் ரசிகர்கள் மட்டும் காப்பாற்றிவைப்பதில்லை. எதிராளியும் சேர்ந்தே காப்பாற்றுகிறான். வென்றவனுக்குத் தேதி மறந்துபோகலாம், தோற்றவனுக்கு மறக்காது. நூறு ஆண்டுச் சண்டையில் இரண்டு தரப்பும் ஒருவர் சரித்திரத்துக்கு மற்றவர் சாட்சியாக இருந்திருக்கிறார்கள்.

நகரத்தின் நடுவில், ஹூக்ளி ஆற்றங்கரையை ஒட்டி, ராணுவத்துக்குச் சொந்தமான பரந்த புல்வெளி இருக்கிறது. மைதான் என்றாலே அந்த ஊரில் அதுதான். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் மூன்றுக்கும் அங்கே ஆடுகளமும் அலுவலகமும் உண்டு. அலுவலகத்தைக் கூடாரம் என்றே இன்றும் சொல்கிறார்கள். 1889-இல் தொடங்கிய மோகன் பகான், 1911 ஜூலை 29 அன்று ஐஎஃப்ஏ ஷீல்டு இறுதியாட்டத்தில் கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் அணியை 2–1 என்று வென்றது. பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். பூட்ஸ் அணிந்தவர் சுதிர் சாட்டர்ஜி மட்டும். சிவதாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும் கோல் போட்டார்கள். கூட்டத்தில் பார்க்க முடியாதவர்களுக்குப் பட்டம் பறக்கவிட்டுக் கோல் கணக்கு சொன்னார்கள் என்பார்கள். ஜூலை 29-ஐ மோகன் பகான் தினமாக இன்றும் கொண்டாடுகிறார்கள். வெள்ளைக்காரப் பட்டாளத்தை வென்ற அந்த அணியில் பலர் கிழக்கு வங்கத்தைப் பூர்விகமாகக் கொண்டவர்கள். அப்போது அது ஒரு பொருட்டாகவே இல்லை.

பொருட்டானது 1920-இல். ஜோராபகான் என்ற அணி மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில் சைலேஷ் போஸ் என்ற கிழக்கு வங்க ஆட்டக்காரரைச் சேர்க்காமல் விட்டது. அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டு கிளப்பைவிட்டு வெளியேறிய சுரேஷ் சந்திர சௌதரி, சிலரோடு சேர்ந்து ஆகஸ்ட் 1 அன்று ஈஸ்ட் பெங்காலைத் தொடங்கினார். 1925-இல் லீக்கில் முதல் தடவை இரண்டும் மோதின. நேபாள் சக்ரவர்த்தி போட்ட ஒரே கோலில் புதிய கிளப் ஜெயித்தது. மேற்கு வங்கத்தைப் பூர்விகமாகக் கொண்ட கோட்டிகள் மோகன் பகான் பக்கம், பத்மா ஆற்றுக்கு அப்பாலிருந்து வந்த பாங்கால்கள் ஈஸ்ட் பெங்கால் பக்கம் என்று கோடு விழுந்தது. மோகன் பகான் ஜெயித்தால் இறால், ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இல்லிஷ் என்று மீனிலும் அந்தக் கோடு நீண்டது. பத்மா ஆற்று இல்லிஷின் ருசியை நாக்கில் வைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு அது மீன் மட்டுமாக இருந்திருக்காது.

1947-இல் தேசம் பிரிந்தபோது அந்தக் கோட்டின் மேல் ரத்தம் சிந்தியது. ஊரையும் வீட்டையும் விட்டு வந்தவர்கள் சியால்தா ரயில் நிலையத்தின் நடைமேடைகளில் படுத்துக் கிடந்தார்கள். விஜய்கர், யாதவ்பூர் பக்கங்களில் காலி நிலங்களில் குடிசை போட்டுக் குடியிருப்புகளை உண்டாக்கினார்கள். பக்கத்து வீட்டார் அவர்களுடைய பேச்சு வழக்கைக் கேலி செய்தார்கள். வேலை எளிதில் அமையவில்லை. அவர்கள் பிறந்த மண் தேசப்படத்தில் கிழக்குப் பாகிஸ்தான் ஆகி, பிறகு வங்கதேசம் ஆயிற்று. ஈஸ்ட் பெங்கால் என்ற பெயர் மிஞ்சியது கிளப்பில் மட்டும். கிளப்பின் சின்னம் தீப்பந்தம். அதை ஏந்தி சனிக்கிழமை மாலையில் கேலரியில் நிற்பவனுக்கு இழந்த ஊரில் ஒரு கையகலம் திரும்பக் கிடைத்தது.

அந்த மனிதர்களுக்கு வெற்றியை அள்ளிக் கொடுத்தவர்கள் ஐந்து தென்னாட்டவர்கள் என்பது தமிழ் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. பெங்களூரின் அகமது கான், காக்கிநாடாவின் அப்பா ராவ், கேரளத்தின் சாலே, இவர்களோடு வெங்கடேஷ், தன்ராஜ். பஞ்ச பாண்டவர் என்று வங்காளம் அவர்களை அழைத்தது. 1949-இல் லீக், ஷீல்டு, ரோவர்ஸ் கோப்பை மூன்றையும் வென்றார்கள். 1949, 50, 51 என்று ஷீல்டை மூன்று முறை தொடர்ச்சியாக எடுத்தார்கள். வங்க மொழி தெரியாத ஐந்து பேர், வங்காளத்தின் ஒரு பாதியை இழந்தவர்களுக்கு நிமிர்ந்து நடக்கக் காரணமாக இருந்தார்கள். அகமது கான் பந்தை வாங்கித் திரும்பும் விதத்தைப் பற்றி, அவரைப் பார்த்தேயிராத பேரப்பிள்ளைகள் பேசுகிறார்கள். மஜித்துக்காக விமான நிலையத்தில் நின்றவர்களும் அந்தப் பேரப்பிள்ளைகள்தான். யார் எங்கிருந்து வந்தார் என்பதை அந்தக் கேலரி கேட்டதேயில்லை. அகதிகளின் கிளப்புக்கு வெளியூர்க்காரன் அந்நியன் ஆவது எப்படி?

இனி 1975 செப்டம்பர் 30.

ஐஎஃப்ஏ ஷீல்டு இறுதியாட்டம். சுரஜித் சென்குப்தா ஐந்தாவது நிமிடத்திலேயே கணக்கைத் தொடங்கினார். பிறகு ஷியாம் தாப்பா, ரஞ்சித் முகர்ஜி, மறுபடி ஷியாம் தாப்பா, கடைசியில் சுபங்கர் சன்யால். ஈஸ்ட் பெங்கால் 5, மோகன் பகான் 0. இரண்டு அணிகளும் மோதிய ஆட்டங்களில் அதற்கு முன்போ பின்போ இவ்வளவு பெரிய இடைவெளி விழவில்லை. கொல்கத்தாவுக்குத் தொலைக்காட்சி வந்து இரண்டு மாதம்கூட நிறையவில்லை. வீட்டில் பெட்டி வைத்திருந்தவர்கள் அரிதினும் அரிது. நகரமும் மாவட்டங்களும் அந்த ஐந்து கோல்களைக் கேட்டது ரேடியோவில். அஜய் பாசு, கமல் பட்டாச்சார்யா, புஷ்பேன் சர்க்கார் என்ற வர்ணனையாளர்களின் குரல்கள் அந்தக் காலத்து வங்காளிக்கு வீட்டு மனிதர்களின் குரல்கள். டீக்கடை ரேடியோவைச் சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கோலையும் தங்கள் கண்ணுக்குள் தாங்களே ஆடிப் பார்த்துக்கொண்டார்கள். அதனால்தான் அந்த ஐந்து கோல்களுக்கும் ஆயிரம் வடிவம் இருக்கிறது. படம் பிடித்த கோல் ஒன்றுதான். காதால் கேட்ட கோல் கேட்டவர்கள் எத்தனை பேரோ அத்தனை.

அன்று மோகன் பகான் கோலில் நின்றவர் இளைஞரான பாஸ்கர் கங்குலி. நாலு கோல் வாங்கிய பிறகு அவரை வெளியே எடுத்துப் பிரசாந்த மித்ராவை இறக்கினார்கள். ஆட்டம் முடிந்ததும் மோகன் பகான் ஆட்டக்காரர்கள் சிலர் சொந்த ரசிகர்களின் ஆத்திரத்துக்குப் பயந்து, அந்த ராத்திரியை ஆற்றில் படகிலேயே கழித்தார்கள் என்ற கதை இரண்டு தரப்பிலும் சொல்லப்படுகிறது. ஈஸ்ட் பெங்கால்காரர் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். மோகன் பகான்காரர் சொல்லும்போது படகும் இருட்டும் தண்ணீரும் கூடுதலாக இருக்கும். விவரங்களை அவர்தான் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். தோல்வி தாங்காமல் ஓர் இளம் மோகன் பகான் ரசிகர் உயிரை மாய்த்துக்கொண்டதும் அப்போதுதான். அடுத்த பிறவியில் மோகன் பகான் ஆட்டக்காரனாகப் பிறந்து பழி தீர்ப்பதாக அவர் எழுதிவைத்ததை விசுவாசத்தின் உச்சமாகச் சொல்பவர்கள் உண்டு. அது அப்படிச் சொல்லத் தக்கதல்ல. ஒரு குடும்பத்தின் துக்கத்தை கிளப்பின் புராணத்தில் சேர்த்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். நாலு கோல் வாங்கிய பாஸ்கர் கங்குலி அடுத்த ஆண்டே ஈஸ்ட் பெங்காலுக்குப் போய், அங்கேயே ஆண்டுக்கணக்காக ஆடி, அந்தக் கிளப்பின் கோல்கீப்பர் என்றாலே அவர்தான் என்று பெயரெடுத்தார். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் இந்திய அணியின் கேப்டனும் ஆனார். இரண்டு கோல் போட்ட ஷியாம் தாப்பா எதிர்ப்பக்கமான மோகன் பகானுக்குப் போனார். 1978 லீக் ஆட்டத்தில், கோலுக்கு முதுகைக் காட்டி நின்றபடி அந்தரத்தில் தலைகீழாகப் பாய்ந்து அவர் அடித்த பைசைக்கிள் கிக் ஈஸ்ட் பெங்கால் வலையில் விழுந்தது. ஈஸ்ட் பெங்காலுக்கு அந்த ஐந்து கோல் சீசனில் பயிற்சியாளராக இருந்த பிகே பானர்ஜி 1976-இல் மோகன் பகானுக்கு வந்தார். ஆட்டத்துக்கு முன் அவர் பேசும் பேச்சை 'வோக்கல் டானிக்' என்பார்கள். ஒருவர் ஊற்றிய டானிக்கை இரண்டு கிளப்பும் குடித்திருக்கின்றன.

ஆக, எந்த ரசிகரும் தன் அணியின் பொற்காலத்தை எதிரணியின் பெயர்களைச் சொல்லாமல் சொல்லி முடிக்க முடியாது. ஷியாம் தாப்பாவை யாருடைய ஞாபகத்தில் சேர்ப்பது? ஐந்து கோலில் இரண்டு அவருடையது. அந்தப் பைசைக்கிள் கிக்கும் அவருடையது. ஒரு வீட்டில் அவர் படம் பெருமைக்காக மாட்டியிருந்தால், பக்கத்து வீட்டிலும் பெருமைக்காகவே மாட்டியிருக்கும்.

மோகன் பகானின் பதிலும் சீக்கிரமே வந்தது. 1976 ஜூலை 24 அன்று லீக் ஆட்டம். விசில் ஊதி 17 வினாடி. ஓரத்திலிருந்து உலகநாதன் தூக்கிக் கொடுத்த பந்தை முகமது அக்பர் தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார். கேலரிக்குள் அப்போதுதான் நுழைந்துகொண்டிருந்தவர்கள் அந்தக் கோலைத் தவறவிட்டார்கள்; தவறவிட்டதையே அவர்கள் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் 1–0 என்றே முடிந்தது. உலகநாதன் என்ற பெயர் தமிழ்நாட்டில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? மோகன் பகான் கூடாரத்தில் அந்தப் பதினேழு வினாடியைப் பற்றிப் பேச்சு வந்தால் அக்பரோடு அவர் பெயரையும் சொல்வார்கள். அக்பரின் அண்ணன் முகமது ஹபீப், ஹைதராபாத்காரர். இருவரையும் பெரிய மியான், சின்ன மியான் என்று அழைத்தார்கள். 1977 செப்டம்பர் 24 அன்று ஈடன் கார்டன்ஸில் பெலேயின் நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு மோகன் பகான் 2–2 என்று சமன் செய்தபோது கோல் போட்ட இருவர் ஷியாம் தாப்பாவும் ஹபீபும். அந்த ஆண்டு மோகன் பகான் ஷீல்டு, டூரண்ட், ரோவர்ஸ் மூன்றையும் எடுத்தது.

இங்கே ஒரு முரணைப் பேசாமல் நகர முடியாது. கொல்கத்தா ரசிகர்கள் பொற்காலம் என்று ஏங்கும் எழுபதுகள் இந்தியக் கால்பந்துக்குப் பொற்காலம் அல்ல. 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் நான்காம் இடம் என்று இந்தியா நின்ற இடத்திலிருந்து, 1970-இல் பாங்காக்கில் வெண்கலத்தோடு இறங்குமுகம் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டில் கால்பந்துப் பதக்கமே இல்லை. நாட்டின் ஆட்டம் சரிந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் கொல்கத்தா தன் சிறந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததாக நம்பியது.

அப்படியென்றால் அந்த ஏக்கம் பொய்யா? பொய் என்று தள்ளிவிட முடியவில்லை. 1962 ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2–1 என்று வென்ற இறுதியாட்டத்தில் இந்திய கோலைக் காத்தவர் பீட்டர் தங்கராஜ். மெட்ராஸ் ரெஜிமென்டில் பணியாற்றியவர், ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று 1958-இல் பாராட்டப்பட்டவர், கொல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடியவர். அவர் எட்டிய உச்சம் அந்தத் தங்கம்தான். ஆனால் அது ஜகார்த்தாவில் நடந்தது. எதிரே நின்றவர்கள் கொரியர்கள். அவர்களில் யாரும் மறுநாள் காலை அதே தெருவில் பால் வாங்க வருவதில்லை. 1975-இல் தோற்றவன் மறுநாள் அதே ஆபீசில் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், அதே டிராமில் தொங்கிக்கொண்டு வந்தான், சில வீடுகளில் மருமகனாக இருந்தான். ஜெயித்த கதையை நாளும் கேட்டாக வேண்டிய ஒருவன் பக்கத்திலேயே இருந்ததால்தான் அது தேயாமல் இருந்தது. தேசிய அணியின் தங்கத்துக்கு அப்படி ஒரு தோற்ற அண்டைவீட்டுக்காரன் கிடைக்கவில்லை. ஆகவே அது பதக்கப் பட்டியலில் உட்கார்ந்துவிட்டது. ரசிகர்களின் ஞாபகத்தை ஆட்டத்தின் தரத்தைக் கொண்டு அளக்க முயல்கிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

பக்கத்திலேயே இருக்கும் எதிரி ஆபத்தாகவும் முடியலாம். 1980 ஆகஸ்ட் 16, ஈடன் கார்டன்ஸ். லீக் ஆட்டம். களத்தில் முரட்டுத்தனம் முற்றி இரண்டு தரப்பிலும் ஒவ்வொருவர் வெளியேற்றப்பட்டார்கள். இரு அணி ரசிகர்களையும் பிரிக்காமல் ஒரே மாடத்தில் உட்காரவைத்திருந்தார்கள். கல்லெறி தொடங்கியது, தள்ளுமுள்ளு கிளம்பியது, குறுகிய படிகளில் ஓடியவர்கள் மிதிபட்டார்கள். பதினாறு பேர் இறந்தார்கள். மஜித் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்த அதே சீசன் இது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 கால்பந்து ரசிகர் தினமாக அனுசரிக்கப்படுகிறது. ரத்ததான முகாம் நடக்கிறது. அந்தப் பதினாறு பேரில் யார் எந்த அணி என்று பிரித்துச் சொல்கிற வழக்கம் இல்லை. எல்லாக் கோலையும் எல்லாக் கார்டையும் உன்னுடையது, என்னுடையது என்று பிரித்துக்கொண்ட நகரம் பிரிக்காமல் விட்டது இந்த ஒன்றைத்தான்.

தொண்ணூறுகளில் இன்னொரு தலைமுறைக்கு அதன் தேதி கிடைத்தது. 1997 ஜூலை 13, பெடரேஷன் கோப்பை அரையிறுதி, சால்ட் லேக் அரங்கம். 1,31,000-க்கும் மேற்பட்டவர்கள் உள்ளே. மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா அந்த ஆண்டு வைர வியூகம் என்ற புதிய ஆட்டமுறையால் எல்லோரையும் அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார். ஆட்டத்துக்கு முந்தைய நாட்களில் எதிரணியின் ஓமோலோவை ஆம்லெட் என்றும், சோசோவை வெள்ளரிக்காய் என்றும், பாய்ச்சுங் பூட்டியாவைச் சுங் சுங் என்றும் பத்திரிகைகளில் கேலி செய்தார். ஈஸ்ட் பெங்கால் பயிற்சியாளர் வேறு யாருமில்லை, பிகே பானர்ஜி. கேலிப் பேச்சு வந்த பத்திரிகையே அவருக்கு டானிக் பாட்டில் ஆயிற்று. பாய்ச்சுங் மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4–1. அமல் தத்தாவை ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் வெறுத்ததாக வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அவர் அந்தக் கேலிகளைச் சொல்லாதிருந்தால் அந்த நாலு கோலில் பாதி ருசி இருந்திருக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். வைர வியூகத்தை இன்றும் விளக்கமாகச் சொல்லக்கூடியவர்கள் அதை உடைத்த தரப்பில்தான் அதிகம்.

பணம் கால்பந்துக்குள் கம்பெனி வடிவத்தில் வந்தபோது இந்த ஞாபகத்தின் வேறொரு பக்கம் தெரிந்தது. 2020-இல் மோகன் பகானின் கால்பந்துப் பிரிவு, இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) அணியான ஏடிகேயோடு இணைந்து ஏடிகே மோகன் பகான் ஆனது. அந்த ஆண்டு நவம்பரில் ஐஎஸ்எல்லின் முதல் கொல்கத்தா மோதல் கோவாவில், பெருந்தொற்றுக் காலத்து ஆளில்லாத அரங்கில் நடந்தது. மோகன் பகான் 2–0 என்று ஜெயித்தது. ஜெயித்தும் ரசிகர்கள் ஆறவில்லை. ஏடிகேயை எடு என்ற கோஷம் சுவர்களிலும் பதாகைகளிலும் கிளம்பி மூன்று ஆண்டு ஓயவில்லை. அணி நன்றாக ஆடிக்கொண்டிருந்தது, பணம் இருந்தது, கோப்பை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர்களோ 1889-க்கு முன்னால் ஒட்டியிருந்த மூன்று எழுத்தை எடுக்கச் சொன்னார்கள். 2023 மார்ச் 18 அன்று கோவாவில் ஐஎஸ்எல் கோப்பையை வென்ற ராத்திரியிலேயே உரிமையாளர் சஞ்சீவ் கோயங்கா பெயர் மாற்றத்தை அறிவித்தார். அடுத்த சீசனிலிருந்து மோகன் பகான் சூப்பர் ஜயன்ட். ஈஸ்ட் பெங்காலும் முதலீட்டாளர் மாறி மாறித் தள்ளாடியது, பட்டங்கள் வறண்டன. 2024 ஜனவரியில் புவனேஸ்வரில் ஒடிஷா அணியை 3–2 என்று வென்று சூப்பர் கோப்பையை எடுத்தபோது, தேசிய அளவில் பட்டம் பார்த்துப் பன்னிரண்டு ஆண்டாகியிருந்தது.

பழைய சீசன்களைப் பற்றிய பேச்சு முதியவர்களின் பொழுதுபோக்கு என்று முதலீட்டாளர்கள் நினைத்திருக்கலாம். ரசிகர்கள் அதைப் பத்திரம் போலக் கையில் வைத்திருந்தார்கள். 1911-ம் 1977-ம் எங்களுடையவை, அவை வேறொரு பெயரின் கீழ் போகக் கூடாது என்று வாதாடினார்கள். கிளப்பின் பங்குகள் யார் கையில் இருந்தாலும் அதன் கடந்தகாலம் கேலரியில் இருப்பவர்களின் அனுபோகத்தில் இருக்கிறது என்பது அவர்கள் கட்சி. அந்த வழக்கில் அவர்கள் ஜெயித்தது இந்திய விளையாட்டில் அபூர்வமான நிகழ்ச்சி. அதற்கு உரிய கவனம் இன்னும் கிடைக்கவில்லை.

2024 ஆகஸ்ட் 18 அன்று சால்ட் லேக் அரங்கில் டூரண்ட் கோப்பை மோதல் நடக்க வேண்டியிருந்தது. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் ஒருவர் வன்கொடுமை செய்து கொல்லப்பட்டு பத்து நாள்கூட ஆகவில்லை. நகரம் தெருவில் இருந்தது. பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆட்டத்தை ரத்து செய்தார்கள். ஆட்டம் இல்லாத அன்று மாலை இரு அணி ரசிகர்களும் அரங்கத்துக்கு வெளியே கூடினார்கள். முகமதன் ரசிகர்களும் வந்தார்கள். மோகன் பகான் கேப்டன் சுபாஷிஷ் போஸும் வந்து நின்றார். ஈஸ்ட் பெங்கால் ரசிகர் ஒருவர் மோகன் பகான் ரசிகரைத் தோளில் தூக்கிவைத்திருந்த படம் மறுநாள் நாடெங்கும் போயிற்று. போலீஸ் தடியடி நடத்தியது. இரு வண்ணச் சட்டைகளும் ஒரே வேனில் ஏறின. நூறு ஆண்டாக ஒருவர் சரித்திரத்தை ஒருவர் மனப்பாடமாக வைத்திருப்பவர்களுக்கு அன்று அறிமுகம் தேவைப்படவில்லை.

இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் 19-இல், அதே அரங்கில் ஐஎஸ்எல் ஆட்டம். மோகன் பகான் 2–0. கூட்டு ஊர்வலம் போனதால் சண்டை முடிந்துவிட்டது என்று யாரும் நினைக்கவில்லை, முடிய வேண்டும் என்று விரும்பவும் இல்லை. ஐந்து கோலுக்குப் பதில் கொடுத்தாயிற்று என்று மோகன் பகான்காரர்கள் 2009 அக்டோபர் 25-ஐக் காட்டுவார்கள். சிடி எடே ஒருவரே நாலு கோல் போட்டு 5–3 என்று ஜெயித்த ஆட்டம் அது. எண்ணிக்கை ஐந்துதான், ஒப்புக்கொள்கிறோம், ஆனால் மூன்று வாங்கினீர்களே, 1975-இல் நாங்கள் ஒன்றாவது வாங்கினோமா என்று ஈஸ்ட் பெங்கால் தரப்பில் கேட்பார்கள்.